பதிவேட்டில் ஏறாத குடித்தனம்

இலங்கையில் டொன் ஆண்டிரிஸ் என்பவரும் பலஹாமி என்பவரும் 20 ஆண்டுகள் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள். 8 பிள்ளைகள் பிறந்தார்கள். வீட்டு விசேஷங்களுக்கு வந்த உறவினரை இருவரும் சேர்ந்து வரவேற்றார்கள். பந்தி பரிமாறிய வீட்டுக்காரி அவள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. பின்னாளில் அவள் உண்மையில் மனைவிதானா என்று ஒரு வழக்கு எழுந்தது. அந்தக் கேள்வி இலங்கை நீதிமன்றங்களைக் கடந்து, கடல் கடந்து, லண்டனில் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலின் மேசைக்குப் போனது. 1927-இல் லார்ட் ஷா தீர்ப்பு எழுதினார். அக்குடும்பத்தைப் பல ஆண்டுகள் கவனித்திருந்த உள்ளூர்ப் பதிவாளர் அவர்களைத் தம்பதியாகவே அறிந்திருந்தார், உறவினரும் அப்படித்தான். கணவனோ மனைவியோ ஊராரோ அந்த உறவை ஒருநாளும் மறுத்ததில்லை. அது போதும் என்றது கவுன்சில்.

ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள் என்று நிரூபணமானால், முறைப்படி மணந்துதான் வாழ்ந்தார்கள் என்று நீதிமன்றம் கொள்ளும். இல்லை என்பவர் அதைத் தெளிவாக நிரூபிக்கட்டும். அத்தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். ஆனால் இதனால் வழக்கின் பாரம் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறிவிடுகிறது. எப்போது, எங்கே, யார் முன்னிலையில் தாலி கட்டினான் என்று பெண் அலைந்து சாட்சி தேட வேண்டியதில்லை. அவளை வெளியேற்ற நினைப்பவன்தான் அலைய வேண்டும். பலஹாமியை எதிர்த்து வழக்காடிய தரப்பின் பெயரால் தினோஹாமி வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் நிலைத்துவிட்ட இத்தீர்ப்பை இந்திய உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ நூற்றாண்டு கழித்தும் எடுத்தாள்கிறது.

இன்று ‘லிவிங் டுகெதர்’ என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழும் சித்திரம் வேறு: பெருநகர அடுக்குமாடி, கணினித் துறை வேலை, வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு இளைஞர்கள். மேற்கிலிருந்து நேற்று வந்திறங்கிய பழக்கம் என்று மேடைகளில் பேசுகிறார்கள். ஆனால் சேர்ந்து வாழ்ந்தவர்களைப் பற்றிய நம் சட்டம் அந்த இளைஞர்களுக்காகப் பிறந்ததே இல்லை. ஜமீன் வாரிசுச் சண்டையிலும், புன்செய்ப் பாகப் பிரிவினையிலும், கைவிடப்பட்ட பெண்ணின் ஜீவனாம்ச மனுவிலும் பிறந்த சட்டம் அது. அதன் தூண்களாக நிற்கும் வழக்குகளில் பல தமிழ் மண்ணிலிருந்து போனவை.

தினோஹாமிக்கு முன்பே, 1881-இல், இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் சொத்து வழக்கில் பிரிவி கவுன்சில் இதே கொள்கையை வகுத்திருந்தது. அதற்கும் முன்னால், 1869-இல், மதராஸ் மாகாணத்திலிருந்து போன வலங்கைப்புலித் தேவர் – இராமசாமி பாண்டியத் தலைவர் வழக்கு. கல்யாணம் ஒன்று நடந்தது என்பது உறுதியானால் அது சட்டப்படி செல்லும் என்றே கொள்ள வேண்டும், சாதி உட்பிரிவு, சடங்குக் குறை என்று நோண்டித் துருவி அதைக் கவிழ்க்கக் கூடாது என்பது அன்றைய முடிவின் திசை. இந்தியத் திருமண வழக்குகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் பழைய தீர்ப்புகளில் அதுவும் ஒன்று.

மூன்று ஆண்டு கழித்து, 1872-இல், ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த இந்தியச் சாட்சியச் சட்டம் வந்தது. அதன் 114-ஆம் பிரிவு, மனித நடத்தையின் இயல்பான போக்கை வைத்து ஒன்றை ஊகித்துக்கொள்ளும் அதிகாரத்தை நீதிபதிக்குத் தந்தது. 50-ஆம் பிரிவு, இருவருக்குள்ள உறவைப் பற்றி நெருங்கி அறிந்தவர்களின் கருத்து நடத்தையில் வெளிப்பட்டால் அதைச் சாட்சியமாக ஏற்றது. அந்தப் பிரிவுக்குக் கீழே கொடுத்திருக்கும் உதாரணமே ஒரு தம்பதிதான்: இன்னாரும் இன்னாரும் மணந்தவர்களா என்ற கேள்வி வந்தால், நண்பர்கள் அவர்களைக் கணவன் மனைவியாக நடத்தினார்கள் என்பது பொருட்படுத்தத்தக்க செய்தி.

சாட்சிக் கூண்டில் ஏறும் பக்கத்து வீட்டுக்காரி, மொய் எழுதியவர், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபோது அப்பா பெயரை எழுதிக்கொண்ட வாத்தியார் எல்லோருக்கும் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது அப்படித்தான். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எதுவும் பதிவேட்டில் ஏறாத ஒரு நாட்டில் வேறு எந்தச் சாட்சி இருந்தது?

ஆனால் அதே 50-ஆம் பிரிவு ஒரு கதவை அடைத்தும் வைத்தது. இருதார மணம் போன்ற குற்ற வழக்குகளில் ஊராரின் இந்தக் கருத்து மட்டும் போதாது. அங்கே கல்யாணச் சடங்கையே நிரூபிக்க வேண்டும். சொத்துக்காக ஒரு பெண் மனைவி ஆகலாம். அதே பெண்ணை மணந்த குற்றத்துக்காக அவனைத் தண்டிக்கப் போனால் அவள் மனைவி ஆகாமல் போகலாம். இந்த இடைவெளியில் நழுவிய ஆண்கள் ஏராளம். சுதந்திரத்துக்குப் பின்னும், 1965-இல், உச்ச நீதிமன்றம் அந்த வேறுபாட்டை உறுதி செய்தது: இரண்டாவது கல்யாணத்தில் உரிய சடங்குகள் நடந்தன என்று காட்டாவிட்டால் இருதார மணக் குற்றம் நிற்காது.

மனைவி என்று நிரூபிக்க முடியாத பெண்ணுக்கும் பழைய இந்துச் சட்டம் ஏதோ ஒன்றை வைத்திருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஊரில் ‘வைப்பு’, ‘தொடுப்பு’ என்று இழித்துச் சொல்லப்பட்டவளைச் சாஸ்திர நூல்கள் ‘அவருத்த ஸ்திரீ’ என்றன. ஒருவனோடு நிலையாக, அவன் சாகும்வரை வாழ்ந்தவளுக்கு அவன் விட்டுச்சென்ற சொத்திலிருந்து பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும் என்று ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. சூத்திர வகுப்பில் அவள் வயிற்றில் பிறந்த மகனுக்குத் தந்தையின் சொத்தில் பங்குகூட உண்டு. மதராஸிலிருந்து போன வெள்ளையப்ப செட்டி – நடராஜன் வழக்கில், 1931-இல், அத்தகைய மகனுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து ஜீவனாம்சம் உண்டு என்றது பிரிவி கவுன்சில். இந்த உரிமைகள் சாதியோடு பின்னிக் கிடந்தவை. பெண்ணின் மானத்தை அவை மதிக்கவில்லை. ஆனாலும் அவளைத் தெருவில் விடவில்லை.

இனி பதிவேட்டின் கதைக்கு வருவோம். கல்யாணத்தைக் காகிதத்தில் ஏற்ற வேண்டும் என்ற ஆசை அரசாங்கங்களுக்குப் பழையது. அந்த ஆசை மக்கள் வாழ்க்கையோடு முட்டிக்கொண்டதும் பழையது. இலங்கையின் கண்டிச் சிங்களவரின் மரபில் பெண் கணவன் வீட்டுக்குப் போவதும் உண்டு, ஆண் மனைவி வீட்டோடு வந்து சேர்வதும் உண்டு. பெரிய சடங்கு எதுவும் கட்டாயமில்லை. 1859-இல் ஆங்கிலேயர் ஓர் அவசரச் சட்டம் போட்டுப் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். மக்கள் பதிவாளரைத் தேடிப் போகவில்லை, பழையபடியே வாழ்ந்தார்கள். விளைவாக, ஊர் தம்பதி என்று ஏற்ற ஏராளமானோர் சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர்கள் ஆனார்கள், அவர்கள் பிள்ளைகள் முறை தவறிப் பிறந்தவர்கள் ஆனார்கள். 1870-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

மதராஸ் மாகாணத்தின் பகுதியாக இருந்த மலபாரிலும் இதே பாடம். நாயர் குடும்பங்களின் ‘சம்பந்தம்’ என்ற வழக்காற்று உறவு சட்டப்படி திருமணம் அல்ல என்று நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. அதை ஆராய 1891-இல் ஒரு குழு அமைந்தது. தலைவர், மதராஸ் உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான டி. முத்துசாமி ஐயர். உறுப்பினர்களில் ஒருவர் ‘இந்துலேகா’ நாவலை எழுதிய ஓ. சந்து மேனன், சம்பந்தம் என்பது ஏற்கெனவே திருமணம்தான், அதற்குப் புதிதாக ஒரு சட்ட முத்திரை எதற்கு என்று அவர் மாறுபட்டு எழுதினார். 1896-இல் மலபார் திருமணச் சட்டம் வந்தது: விரும்பியவர்கள் சம்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளலாம், செய்தால் அது சட்டப்படி திருமணம். பதிவு செய்தவர்கள் மிகச் சொற்பம். பின்னர் 1933-இல், பதிவு இல்லாமலே அந்த உறவைத் திருமணம் என்று ஏற்கும் சட்டம் வந்த பிறகே சிக்கல் தீர்ந்தது. சந்து மேனன் சொன்னதை ஒப்புக்கொள்ள அரசுக்கு 40 ஆண்டுகள் பிடித்தன.

தென்னாப்பிரிக்காவில் இது போராட்டமாகவே வெடித்தது. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு கொடுத்தார். கிறித்தவ முறைப்படி நடக்காத, அங்கே பதிவாகாத திருமணங்கள் செல்லாது என்பது அதன் பொருள். ஒரே நாளில் இந்து, முஸ்லிம், பார்சி மனைவியர் அனைவரும் சட்டத்தில் மனைவி அந்தஸ்தை இழந்தார்கள். அதுவரை ஆண்கள் நடத்திய சத்தியாகிரகத்தில் பெண்கள் இறங்கியது அதற்குப் பிறகுதான். டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்து நடந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22-இல், 16 வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை அவர்களில் ஒருத்தி. கல்யாணமே ஆகாத சிறுமி, தன் தாய்மார்களின் கல்யாணத்துக்காகச் சிறை போனாள். அவ்வாண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் அந்தத் திருமணங்களை ஏற்றது.

இதே அவமதிப்பைத் தமிழ்நாட்டில் சுதந்திர இந்தியாவின் நீதிமன்றமே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் செய்தது என்பது இந்த வரலாற்றில் முக்கியமான அத்தியாயம்.

1928 மே மாதம் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை, வடமொழி மந்திரம் இல்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையும் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதன் பிறகு ஊர் ஊராக இந்தத் திருமணங்கள் நடந்தன. விதவைகள் மணந்தார்கள், சாதி கடந்து மணந்தார்கள். வேண்டுமென்றே ராகு காலத்தில் நடத்தினார்கள், சிலர் தாலியையும் விட்டார்கள். மாலை மாற்றிக்கொண்டு, வாழ்க்கைத் துணைவர் ஆகிறோம் என்று உறுதிமொழி சொன்னால் முடிந்தது. பிறகு இரண்டு மணி நேரம் சொற்பொழிவு. களவில் தொடங்கிய காதலுக்குக் கரணம் என்னும் மணச்சடங்கு பிற்காலத்தில் வந்து சேர்ந்தது என்று தொல்காப்பியமே சொல்வதை மேடைகளில் எடுத்துக்காட்டினார்கள்.

அந்தத் தம்பதிகள் தங்களைத் தம்பதிகள் என்று நம்பினார்கள். ஊரும் நம்பியது. சட்டம் நம்பவில்லை. 1930களில் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் தெய்வானை ஆச்சி வழக்கில் மதராஸ் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. 1953-இல் முடிவு சொன்னார்கள்: இந்தத் திருமணம் செல்லாது. இந்துத் திருமணத்துக்குரிய சடங்குகள் நடக்கவில்லை. வழக்காறு என்றால் அது தொன்மையானதாக இருக்க வேண்டும். ஒரு கூட்டத்தார் தங்கள் விருப்பப்படி திடீரென்று புது முறை ஒன்றை உண்டாக்கி அதை வழக்காறு என்று சொல்ல முடியாது.

சட்ட நுணுக்கத்தில் அந்த வாதத்துக்கு இடம் இருக்கலாம். அதன் விளைவை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேடையில் நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் மாலை மாற்றியவள், 20 ஆண்டு குடும்பம் நடத்தியவள், சட்டத்தின் முன் யாருமில்லை. இலங்கையில் பதிவேடே இல்லாத பலஹாமிக்குக் கிடைத்த ஊகம் இவர்களுக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணமும் இதுதான்: கல்யாணம் எப்படி நடந்தது என்று தெரியாதபோது சட்டம் நல்லவிதமாக ஊகித்துக்கொள்ளும், எப்படி நடந்தது என்று எல்லோருக்கும் தெரிந்து, அது சட்டம் கேட்கும் விதத்தில் நடக்கவில்லை என்றால் ஊகத்துக்கு இடமே இல்லை. ஒளிவுமறைவில்லாமல் செய்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது. 1955-இல் வந்த இந்துத் திருமணச் சட்டமும் வழக்காற்றுச் சடங்கு வேண்டும் என்றே சொன்னதால் நிலைமை மாறவில்லை.

மாற்றியது 1967. ஆட்சிக்கு வந்த அண்ணாதுரை அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினரோ நண்பரோ வேறு யாருமோ முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். புரோகிதர் தேவையில்லை. அந்தச் சட்டத்தின் பெருமை அதன் முன்தேதிதான்: முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் அவை நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றது. 40 ஆண்டு காலத் தம்பதிகள் ஒரு சட்டத்தால் மறுபடியும் தம்பதிகள் ஆனார்கள். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்தது, இருமொழிக் கொள்கை ஆகிய இரண்டோடு இதையும் சேர்த்துத் தம் ஆட்சியின் மூன்று சாதனைகளாக அண்ணா எண்ணியதில் வியப்பில்லை.

அந்தப் பிரிவு வேறொரு வேலையும் செய்தது. 1984-இல் திருத்தணியில் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்ட ஒருவர், அக்கினியைச் சுற்றி ஏழடி வைக்கவில்லை, ஆகவே அது கல்யாணமே இல்லை, ஆகவே இருதாரக் குற்றமும் இல்லை என்று வாதாடினார். தமிழ்நாட்டில் 7-ஏ இருக்கிறது, ஏழடி தேவையில்லை என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. சடங்கைக் காட்டிப் பெண்ணை வெளியேற்றிய அதே வாதம், சடங்கைக் காட்டி ஆணைத் தப்பவிடவும் பயன்பட்டதை இங்கே பார்க்கிறோம்.

7-ஏ வருவதற்கு முன்பே இன்னொரு பெரும் மாறுதல் நடந்திருந்தது. 1949-இல் மதராஸ் மாகாணம் இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடை செய்தது. 1955-இல் நாடு முழுவதும் அதுவே சட்டம். நல்ல சட்டம், சந்தேகமில்லை. ஆனால் 1956-இல் வந்த தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம், சார்ந்து வாழ்வோர் பட்டியலில் அந்தப் பழைய ‘அவருத்த ஸ்திரீ’யைச் சேர்க்கவில்லை. ஒருதார மணம் வந்ததால் இரண்டாவது வீடு ஒழிந்துவிடவில்லை. அந்த வீட்டிலிருந்த பெண்ணின் உரிமைதான் ஒழிந்தது. அவளுடைய பிள்ளைகளுக்குச் சட்டம் ஓரளவு இடம் விட்டது, அவளுக்கு விடவில்லை. அந்த வெற்றிடம் அரை நூற்றாண்டு நீடித்தது.

நடுவில் நீதிமன்றங்கள் பழைய ஊகத்தையே துணைக்கு அழைத்தன. 1978-இல், ஏறத்தாழ 50 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த ஒரு தம்பதியின் திருமணம் கேள்விக்குள்ளானபோது நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர், அரை நூற்றாண்டு கழித்துக் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்த சாட்சியைக் கொண்டுவா என்று கேட்டால் எத்தனை பேரால் முடியும் என்ற கேள்வியை எழுப்பி வழக்கைத் தள்ளினார். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு நில வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், ஒரே கூரையின் கீழ் பல ஆண்டு வாழ்ந்த ஆணும் பெண்ணும் கணவன் மனைவி என்றும் அவர்கள் பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்கள் என்றும் 114-ஆம் பிரிவின்படி கொள்ளலாம் என்றது. இன்று நாடெங்கும் சேர்ந்து வாழ்வோரின் வழக்குகளில் வழக்கறிஞர்கள் முதலில் நீட்டும் தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. அதற்கு அடியில் கிடப்பது ஒரு கிராமத்துச் சொத்துத் தகராறு.

2005 செப்டம்பர் மாதத்தைத் தனியே சொல்ல வேண்டும். அம்மாதம் 13-ஆம் தேதி, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். மனைவிக்கு மட்டுமல்லாமல் ‘திருமணத்தின் தன்மையுள்ள உறவில்’ வாழும் பெண்ணுக்கும் அது பாதுகாப்பும் தங்குமிடமும் பணமும் கேட்கும் உரிமை தந்தது. 1956-இல் போனது, வேறு பெயரில், மரியாதையோடு திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் அதற்காக யாரும் தெருவுக்கு வரவில்லை, ஆதரித்தும் எதிர்த்தும். அதே மாதம் இந்தியா டுடே இதழில் திருமணத்துக்கு முந்தைய பாலுறவு பற்றி நடிகை குஷ்பு ஒரு கருத்தைச் சொன்னார். துடைப்பமும் செருப்பும் தெருவுக்கு வந்தன. அவர்மீது 23 குற்றப் புகார்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில். மேட்டூர் நீதிமன்றத்தில் அவர் ஆஜரான நாளில் கூட்டம் அவரைச் சூழ்ந்து கூச்சலிட்டது. சேர்ந்து வாழும் பெண்ணுக்கு நாடாளுமன்றம் உரிமை கொடுத்த மாதத்தில், அதைப் பற்றிப் பேசிய பெண்ணைக் குற்றவாளி ஆக்கத் துடித்தோம் என்பது தமிழ்ச் சமூகம் வெட்கப்பட வேண்டிய செய்தி.

புகார்களை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் மறுத்தது. 2010 ஏப்ரல் 28-இல் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அனைத்தையும் தள்ளுபடி செய்தது. வயது வந்த இருவர் மணமாகாமல் சேர்ந்து வாழ்வது எந்தச் சட்டத்தின்படியும் குற்றமில்லை. ஒழுக்கம் பற்றிய சமூகத்தின் கருத்தைத் தண்டனைச் சட்டத்தால் திணிக்க முடியாது. இது புதிய உரிமை எதையும் உண்டாக்கவில்லை. எப்போதுமே குற்றமாக இல்லாத ஒன்றைக் குற்றமில்லை என்று உரக்கச் சொன்னது, அவ்வளவே. ஆனால் அதை உரக்கச் சொல்ல ஒரு தமிழ்நாட்டு வழக்கு தேவைப்பட்டது.

அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு அமர்வுகள் இரண்டு வாரத்துக்குள் இரு திசையில் போயின. அக்டோபர் 7-இல், உத்தரப் பிரதேசத்தில் கொழுந்தனோடு வழக்காற்றுப்படி சேர்த்துவைக்கப்பட்ட ஒரு விதவையின் ஜீவனாம்ச வழக்கில், நீதியரசர்கள் சிங்வியும் கங்குலியும் ‘மனைவி’ என்பதற்கு விரிந்த பொருள் தர வேண்டும், நீண்டகாலம் சேர்ந்து வாழ்ந்தால் ஜீவனாம்சம் மறுக்கக் கூடாது என்று கருதி, கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். அக்டோபர் 21-இல், கோவைக் குடும்ப நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில், நீதியரசர்கள் கட்ஜுவும் தாக்கூரும் வாசலைக் குறுக்கினார்கள். ‘திருமணத்தின் தன்மையுள்ள உறவு’ என்றால் இருவரும் சமூகத்தின் முன் தம்பதிபோல் காட்டிக்கொள்ள வேண்டும், திருமண வயது வந்திருக்க வேண்டும், வேறு திருமணத்தில் கட்டுப்பட்டிராமல் இருக்க வேண்டும், விரும்பிக் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்.

அந்தக் கோவைப் பெண் கேட்டது பெரிய சொத்தல்ல. கீழ் நீதிமன்றங்கள் அவளுக்குக் கொடுத்தது மாதம் 500 ரூபாய். 1986-இல் தன்னை மணந்தான் என்பது அவள் கூற்று. 1980-லேயே எனக்கு வேறொருத்தியுடன் கல்யாணம் ஆகிவிட்டது என்பது அவன் பதில். அந்த முதல் மனைவியை விசாரிக்காமல் முடிவு சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. மனு போட்டு ஒன்பது ஆண்டு கழித்து, மறுபடி முதலிலிருந்து. அத்தீர்ப்பில் சேர்ந்து வாழும் பெண்களைப் பற்றி இடம்பெற்ற இழிவான சொல்லை மறுநாளே கூடுதல் சாலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங் நீதிமன்றத்தில் எழுந்து கண்டித்தார். சொல்லைவிட, வைத்த நிபந்தனை அதிகம் காயப்படுத்தியது. ஏமாற்றப்பட்ட பெண்ணை, அவன் முன்பே மணமானவன் என்ற காரணத்தைக் காட்டியே வெளியே நிறுத்தும் நிபந்தனை அது. ஏமாற்றியவனின் குற்றமே அவனுக்குக் கேடயமாகிவிடுகிறது.

2013-இல் பெங்களூருப் பெண் ஒருத்தியின் வழக்கில் இந்தச் சிக்கலை உச்ச நீதிமன்றமே உணர்ந்தது. மணமானவன் என்று தெரிந்தே அவனோடு பல ஆண்டு வாழ்ந்தவள் அவள். சட்டத்தின் பாதுகாப்பு அவளுக்கு இல்லை என்று தீர்ப்பளித்தபோதே, எத்தனை காலம் சேர்ந்திருந்தார்கள், வரவு செலவை எப்படிப் பகிர்ந்தார்கள், பிள்ளை உண்டா, ஊரார் முன் எப்படி நடந்துகொண்டார்கள் என்ற அளவுகோல்களையும் வகுத்து, இத்தகைய பெண்கள், பிள்ளைகள் நிலை பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது.

பிள்ளைகளின் நிலை கொஞ்சம் மேலானது. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரின் சொத்தில் உரிமை உண்டு. குடும்பச் சொத்தைப் பிரித்தால் அப்பாவுக்கு எவ்வளவு விழுமோ அந்தப் பாகத்திலும் அப்பிள்ளைக்குப் பங்குண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதே 2023-இன் ஆகஸ்டில் 7-ஏ மறுபடி பேசப்பட்டது. வழக்கறிஞர் அலுவலக அறையில் இரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவந்ததை உச்ச நீதிமன்றம் மாற்றியது. பகிரங்க அறிவிப்பு தேவையில்லை என்றது. சாதி கடந்து மணப்பவர்களை உறவினரே அரிவாளோடு தேடும் மாநிலத்தில் இது உயிர் காக்கும் தீர்ப்பு. ஊரறிய வாழ்ந்தார்களா என்று கேட்பது பலஹாமிக்கு அரணாக இருந்தது. ஊருக்குத் தெரிந்தால் உயிர் போகும் என்று பதுங்கியிருக்கும் ஒரு ஜோடியிடம் அதே கேள்வியைக் கேட்க முடியாது.

இந்த நிலையில்தான் உத்தராகண்ட் மாநிலம் பொது உரிமையியல் சட்டம் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் நிறைவேறி 2025 ஜனவரி 27-இல் நடைமுறைக்கு வந்தது. சேர்ந்து வாழும் ஆணும் பெண்ணும் பதிவாளரிடம் அறிக்கை கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் கொடுக்காமல் இருந்தால் 3 மாதம்வரை சிறை அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 21 வயதுக்குக் கீழானவர் என்றால் பெற்றோருக்குத் தகவல் போகும். கைவிடப்பட்ட பெண்ணுக்கு ஜீவனாம்சமும் பிள்ளைக்கு முறையான அந்தஸ்தும் அச்சட்டம் தருகிறது. அவை வரவேற்க வேண்டியவை. ஆனால் சிறையைக் காட்டிப் பதிவு வாங்குவது 1859-இன் கண்டியும் 1896-இன் மலபாரும் கற்றுக்கொடுத்ததற்கு நேர் எதிர். பெற்றோர் கையில் உயிர் சிக்கியிருக்கும் 20 வயதுப் பெண் பதிவாளர் அலுவலகத்துக்குப் போவாளா? போகாவிட்டால், வன்முறைக்கு ஆளாகும் நாளில், தான் சட்டத்தை மீறியவள் என்ற அச்சத்தோடு போலீஸ் வாசலை எப்படி மிதிப்பாள்?

காகிதம் இல்லாதவர்களுக்கு உதவத்தான் 1881-லும் 1927-லும் நீதிமன்றங்கள் அந்த ஊகத்தை வளர்த்தெடுத்தன. காகிதம் இல்லாததையே குற்றமாக்குவது அதன் வேரை அறுப்பது.

செய்ய வேண்டிய திருத்தம் வேறிடத்தில் கிடக்கிறது. நியாயமான காலம் ஒருவனோடு மனைவிபோல் வாழ்ந்த பெண்ணையும் ஜீவனாம்சப் பிரிவில் ‘மனைவி’ என்ற சொல்லுக்குள் சேருங்கள் என்று 2003-லேயே குற்றவியல் நீதிச் சீர்திருத்தம் பற்றிய மலிமத் குழு பரிந்துரை செய்தது. அன்றைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் அதற்கு ஒரு வரி போதுமாயிருந்தது. 2024 ஜூலை 1-இல் அந்தச் சட்டம் முழுவதையுமே மாற்றிப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்தது. கூடவே வந்த புதிய தண்டனைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, மணப்பதாகப் பொய் வாக்குக் கொடுத்துப் பாலுறவு கொள்பவனுக்கு 10 ஆண்டுவரை சிறை என்றது. தண்டிக்க ஒரு பிரிவை எழுத நேரம் இருந்தது. பழைய 125 புதிய 144 ஆனது. மணவிலக்குப் பெற்றவளும் மனைவியே என்ற பழைய விளக்கம் மட்டும் அப்படியே வந்து சேர்ந்தது. மலிமத் குழு கேட்ட அந்த ஒரு வரி அதில் இல்லை. கோவைக் குடும்ப நீதிமன்றத்தில் நாளை ஒரு பெண் மாதச் செலவுக்கு மனு போட்டால், பக்கத்து வீட்டுக்காரியையும் பள்ளிச் சான்றிதழையும் ரேஷன் அட்டையையும் கொண்டுவந்து, 1872-இலிருந்து வழிவழியாக வரும் ஊகத்தை நம்பித்தான் அவள் வழக்காட வேண்டும்.